நட்சத்திரத்துக்கு வயதாவதை யார் பார்த்தது?

சென்ற வருடம் வலய மட்டப் பொது அறிவுப் போட்டியில் என்னிடம் கேட்கப்பட்ட கடைசிக் கேள்வி, "சூரியனின் வயது என்ன?" என்பது. "சுமார் 460 கோடி ஆண்டுகள்" என்றேன். மணி அடித்தது, கைதட்டினார்கள், ஒரு சான்றிதழும் கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உம்மும்மாவிடம் காட்டி, என்ன கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும் பெருமையோடு சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"அத ஆரு மகள் பாத்த?"

எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தில் இருக்கிறது என்றேன். புத்தகத்தில் எழுதியவருக்கு யார் சொன்னது என்றார். அதற்கும் பதில் இல்லை. பரீட்சையில் முழுப் புள்ளி எடுக்கக்கூடிய ஒரு விடயத்தைப் பற்றி எனக்கு உண்மையில் ஒன்றுமே தெரியாது என்பது அன்று பின்னேரம் விளங்கியது. அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு வருடமாக அலைந்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே பெற்றோரிடம் ஒரு முறைப்பாடும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உம்மும்மாவுக்கான பதில். சூரியனின் வயது வானத்திலிருந்து விழுந்த கல்லிலிருந்து தெரிந்தது. சூரியனும் கோள்களும் உருவான அதே காலத்தில் உருவாகி, அதன் பின் அதிகம் மாறாமல் அலைந்து திரிந்த கற்கள் சில வேளைகளில் பூமியில் விழுகின்றன. யுரேனியம் மிக மெதுவாக, ஆனால் தவறாத வேகத்தில், ஈயமாக மாறிக்கொண்டிருக்கும். அந்தக் கற்களில் உள்ள ஈயத்தை அளந்து 1956ஆம் ஆண்டில் கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்கர் 455 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கும் அதிலிருந்து பெரிதாக விலகவில்லை.

சூரியனுக்காவது கையில் எடுத்துப் பார்க்க ஒரு கல் கிடைத்தது. மற்ற நட்சத்திரங்களிலிருந்து நமக்கு வருவது வெளிச்சம் மட்டுமே. கதை அங்கேதான் சுவையாகிறது.

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். நான் அப்போது தரம் 9. நோன்பு பிறக்கச் சில நாட்களே இருந்தன. வீட்டுக்குள் வெக்கை தாங்காமல் எல்லோரும் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். ஊரே இருட்டாக இருந்ததால் வானம் நிறைய நட்சத்திரம். தலைக்கு மேலே சற்று மேற்காக மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நின்றன. அவற்றுக்கு ஒரு பக்கம் ஒரு பெரிய சிவப்பு நட்சத்திரம், மறுபக்கம் நீலம் கலந்த வெள்ளையில் இன்னொன்று. நட்சத்திரங்களுக்கு நிறம் உண்டு என்பதையே நான் அன்றுதான் கண்டேன். அது ஏன் சிவப்பு என்று கேட்டதற்கு, பக்கத்தில் படுத்திருந்த ராத்தா, "அதுக்கு வயசாகிட்டு" என்றாள்.

சிவப்பாக இருந்தது பெட்டல்ஜூஸ். தமிழில் திருவாதிரை என்பார்கள். நீலமாக இருந்தது ரைஜல். இரண்டும் அரபுப் பெயர்களின் திரிபுகள். ரைஜல் என்பது குர்ஆன் மத்ரஸாவில் நாம் எல்லோரும் படித்த 'ரிஜ்ல்', அதாவது கால். பெட்டல்ஜூஸ் 'யதுல் ஜவ்ஸா', ஜவ்ஸாவின் கை. யாரோ ஒருவர் எழுத்துப் புள்ளியைத் தவறாகப் படித்ததால் 'ய' என்பது 'ப' ஆகிவிட்டதாம். நமது அரபுப் பாடத்தில் நாம் விடும் அதே பிழை.

ராத்தா சொன்னது சரி. அதைக் கண்டுபிடித்த வழியைத்தான் நான் சொல்ல வேண்டும். ஒரு நட்சத்திரம் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து முடிவதை எந்த மனிதராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். ஆனால் இப்படி நினைத்துப் பாருங்கள். மனிதரைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் நமது கலியாண வீடொன்றுக்கு ஒரே ஒரு மணித்தியாலம் வருகிறார். தொட்டிலில் ஒரு பிள்ளை, ஓடித்திரியும் சிறுவர்கள், மணமகள், பந்தியைக் கவனிக்கும் மாமிமார், மூலையில் கதிரையில் உம்மும்மா. அந்த ஒரு மணித்தியாலத்தில் யாரும் வளர்வதை அவர் காணவில்லை. ஆனாலும் கவனமாகப் பார்த்தால் இவர்கள் வெவ்வேறு இனங்கள் இல்லை, ஒரே வாழ்க்கையின் வெவ்வேறு கட்டங்கள் என்று விளங்கிக்கொள்வார். யார் அதிகமாக இருக்கிறார்கள் என்று எண்ணினால் எந்தக் கட்டம் நீண்டது என்பதும் தெரியும். வில்லியம் ஹேர்ஷல் 200 வருடங்களுக்கு முன்பே வானத்தை இப்படி ஒரு தோட்டத்துக்கு ஒப்பிட்டிருக்கிறார். ஒரே தோட்டத்தில் முளையும் பூவும் சருகும் ஒன்றாகக் கிடக்கும் அல்லவா?

அன்றிரவு நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததும் அப்படியொரு கலியாண வீடுதான். அந்த மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே தொங்கும் மங்கலான பகுதி ஒறையன் நெபுலா, சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் நட்சத்திரங்கள் பிறக்கும் தொட்டில். மேற்கே சின்னக் கொத்தாகத் தெரிந்த கார்த்திகைக் கூட்டத்தின் வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். பெட்டல்ஜூஸ் முதுமையின் விளிம்பில் நிற்கிறது. ஆனால் அதன் வயது ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுதான். 460 கோடி வயதான நமது சூரியன் இன்னும் நடுவயது. ஒரு கோடி வயதுக்காரர் கிழவர், 460 கோடி வயதுக்காரர் நடுவயதுக்காரர். திணிவு கூடிய நட்சத்திரம் தன் எரிபொருளை வாரி இறைத்துவிடும். சிறியது சிக்கனமாக வாழும். இதை உம்மும்மாவிடம் சொன்னபோது, ஊரிலும் அப்படித்தானே என்றார்.

சரி, தொட்டிலில் இருப்பது எது, கதிரையில் இருப்பது எது என்று வெளிச்சத்தை வைத்து எப்படிப் பிரிப்பது? வெளிச்சத்தை ஒரு அரியத்தினூடாக விட்டால் நிறங்களாகப் பிரியும். அந்த நிறமாலையின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய இடங்களில் மட்டும் கோடு போடும். கைநாட்டு மாதிரி. 1880களிலிருந்து அமெரிக்காவின் ஹாவர்ட் வானியல் நிலையம் இந்த நிறமாலைகளைக் கண்ணாடித் தட்டுகளில் ஆயிரக்கணக்கில் படம் பிடித்தது. அந்தத் தட்டுகளை உட்கார்ந்து பார்த்துப் பதிவது சலிப்பான வேலை. அதற்குப் பெண்களை அமர்த்தினார்கள், மணித்தியாலத்துக்கு 25, 30 அமெரிக்க சதச் சம்பளத்தில். இரவில் தொலைகாட்டியில் வேலை செய்வது ஆண்களுக்குரியதாக இருந்தது.

அந்தப் பெண்களில் ஒருவரான வில்லியமினா பிளெமிங் அதற்கு முன் அந்த நிலையத்தின் பணிப்பாளர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். நான் பார்த்த அந்த மூன்று நட்சத்திரங்களில் ஒன்றின் அருகே குதிரைத் தலை வடிவில் ஒரு கருமேகம் உண்டு. அதை 1888ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றில் கண்டவர் அவர். அடுத்தவர் ஆனி ஜம்ப் கனன். காது பெரும்பாலும் கேட்காது. பழகிய பின் ஒரு நிமிடத்துக்கு மூன்று நட்சத்திரம் என்ற வேகத்தில் வகைப்படுத்தினார். 1918 முதல் 1924 வரை வெளிவந்த பட்டியலில் மட்டும் 2,25,300 நட்சத்திரங்கள். அவர் வகுத்த வரிசையைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். வெப்பம் கூடிய நீலத்தில் தொடங்கி வெப்பம் குறைந்த சிவப்பில் முடியும் வரிசை அது.

இந்தப் பட்டியல்களை வைத்து டென்மார்க்கின் ஹேர்ட்ஸ்ப்ரங்கும் அமெரிக்காவின் ரஸலும் 1910களில் ஒரு வரைபு வரைந்தார்கள். ஒரு அச்சில் நிறம், மறு அச்சில் பிரகாசம். நட்சத்திரங்கள் தாள் முழுவதும் சிதறி விழவில்லை. பெரும்பாலானவை ஒரு சாய்ந்த பட்டையில் வரிசையாக நின்றன. சில மட்டும் ஒரு மூலையில் ஒதுங்கி, சிவப்பாகவும் மிகப் பிரகாசமாகவும் இருந்தன. அந்தப் பட்டையில் இருப்பவை ஐதரசனை ஈலியமாக்கி வாழும் நட்சத்திரங்கள், ஒதுங்கியவை அதை முடித்துக்கொண்டவை என்பது பின்னர்தான் விளங்கியது. இடையில் ஒரு பெரிய தடை இருந்தது. நட்சத்திரம் எதனால் ஆனது என்றே அப்போது தெரியாது. பூமியைப் போல இரும்பும் மண்ணும் கலந்த பெரிய நெருப்புருண்டை என்றுதான் பெரியவர்கள் நினைத்திருந்தார்கள்.

செசிலியா பேய்ன் இங்கிலாந்தில் 1900ஆம் ஆண்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். ஆனால் அங்கே பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. 1948 வரை அந்த நிலைமை இருந்தது. எனவே 1923இல் கடல் கடந்து ஹாவர்டுக்குப் போனார். அங்கே கனன் முதலானோர் வகைப்படுத்திய தட்டுகள் குவிந்து கிடந்தன. வங்காளத்தைச் சேர்ந்த மேக்நாத் சாஹா 1920இல் தந்த ஒரு சமன்பாடும் அவர் கையில் இருந்தது. ஒரு வாயுவின் வெப்பநிலை மாறும்போது அதன் கோடுகளின் வலிமை எப்படி மாறும் என்பதை அது சொல்லும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார். நட்சத்திரங்களின் கோடுகள் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் வெப்பநிலைதான் காரணம், அவற்றின் சேர்மானம் ஏறக்குறைய ஒன்றே என்று கண்டார். அந்தச் சேர்மானத்தில் இரும்பு போன்ற மூலகங்களை விடப் பல இலட்சம் மடங்கு ஐதரசன் இருந்தது. அப்போது அவருக்கு வயது 24.

ஆய்வின் பிரதி ரஸலின் பார்வைக்குப் போனது. அக்காலத்தில் அவர் சொல்லே தீர்ப்பு. இது நடக்க முடியாத முடிவு என்று அவர் எழுதினார். பேய்ன் தனது 1925ஆம் ஆண்டு ஆய்வேட்டில் எண்களை அப்படியே அச்சிட்டார். ஆனால் பக்கத்திலேயே, ஐதரசனுக்கும் ஈலியத்துக்கும் கிடைத்த இந்த அளவுகள் உண்மையாக இருக்க முடியாது என்ற பொருளில் தானே எழுதியும் வைத்தார். நான்கு வருடங்களின் பின் 1929இல் ரஸல் வேறொரு வழியில் கணக்கிட்டு அதே முடிவுக்கு வந்தார். பேய்ன் ஏற்கனவே சொல்லியிருந்ததையும் தன் கட்டுரையில் குறிப்பிட்டார். ஆனாலும் நீண்ட காலம் அந்தக் கண்டுபிடிப்பு ரஸலின் பெயரிலேயே பேசப்பட்டது. பேய்ன் ஹாவர்டில் பேராசிரியராவதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது ரஸல் மீதில்லை. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், தவறு என்று கண்டதும் திருத்திக்கொண்டார். தன் கணக்கு சரி என்று தெரிந்தும் அதன் பக்கத்தில் 'இது உண்மையில்லை' என்று எழுதிய அந்தக் கையை நினைத்துத்தான் வருந்தினேன். ஏனென்றால் அந்தக் கையை எனக்குத் தெரியும். வகுப்பில் விடை சரியாக வந்த பிறகும், பக்கத்துப் பிள்ளைக்கு வேறு விடை வந்தால் அழித்துவிடுவோமே, அந்தக் கை. பெரியவர்களை மதிப்பது நமது வளர்ப்பு. அதை நான் விட மாட்டேன். ஆனால் மரியாதைக்காக எண்ணை மாற்றத் தேவையில்லை. பேய்ன்கூட எண்ணை மாற்றவில்லை. அதனால்தான் அது பிழைத்தது.

வயதை அறியும் வழி அதன் பிறகு சுலபமாகிவிட்டது. கார்த்திகை போன்ற ஒரு கொத்தில் எல்லா நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை, ஒரே வருடம் தரம் 1இல் சேர்ந்த வகுப்பு போல. திணிவு கூடியவை முதலில் எரிபொருள் முடிந்து பட்டையை விட்டு விலகும். எதுவரை விலகிவிட்டன என்று பார்த்தால் கொத்தின் வயது வந்துவிடும்.

கலக்ஸிகளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமான இடத்தில் தொடங்குகிறது. அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூபி என்ற பாரசீக வானியலாளர் கி.பி. 964 அளவில் எழுதிய நட்சத்திர நூலில், அந்திரொமிடா பகுதியில் ஒரு 'சிறிய மேகம்' இருப்பதாகக் குறித்தார். நமது பால்வீதிக்கு வெளியே உள்ள பெருங் கலக்ஸி ஒன்றைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவு அது. மீலாத் விழா மேடைகளில் நாம் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் பேச்சு எப்போதும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த மேகத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். அந்த மேகம் எவ்வளவு தூரம் என்று தெரியாமல் ஏறக்குறைய ஆயிரம் வருடம் போயிற்று. ஹாவர்டின் இன்னொரு பெண்ணான ஹென்றியேட்டா லெவிட் 1912இல் அளவுகோலைத் தந்தார். சில நட்சத்திரங்கள் கூடிக் குறைந்து மின்னும். தென்வானத்துச் சிறிய மகெல்லன் மேகத்தில் அப்படிப்பட்ட 25 நட்சத்திரங்களை எடுத்து, மெதுவாக மின்னுவது உண்மையில் பிரகாசம் கூடியது என்று அவர் காட்டினார். எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. மின்னும் வேகத்தை அளந்தால் உண்மைப் பிரகாசம் தெரியும். அது நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். 1923இல் எட்வின் ஹபிள் அஸ்-ஸூபியின் மேகத்துக்குள் அத்தகைய நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அந்த மேகம் நமது பால்வீதிக்கு வெளியே, தானே ஒரு கலக்ஸியாக நின்றது. இன்றைய அளவீட்டில் 25 இலட்சம் ஒளியாண்டு. நோபல் பரிசுக்கு லெவிட்டின் பெயரைப் பரிந்துரைக்க விரும்பி சுவீடனிலிருந்து ஒருவர் 1925இல் கடிதம் எழுதினார். அவர் 1921லேயே காலமாகியிருந்தார்.

25 இலட்சம் ஒளியாண்டு என்றால், இன்று நாம் காணும் வெளிச்சம் அங்கிருந்து 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. தூரமாகப் பார்ப்பது என்றாலே பழையதைப் பார்ப்பதுதான். நட்சத்திரத்துக்குக் கலியாண வீடு என்றால், கலக்ஸிகளுக்குப் பழைய படங்கள் அடுக்கிய அல்பம். 1995 டிசம்பரில் ஹபிள் தொலைகாட்டியை ஒன்றுமே இல்லாததாகத் தோன்றிய ஒரு சின்னத் துண்டு வானத்தை நோக்கிப் பத்து நாள் வைத்து 342 படம் எடுத்தார்கள். சந்திரனின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அந்தத் துண்டு. அதற்குள் சுமார் 3,000 கலக்ஸிகள் இருந்தன. பழையவற்றில் பல சிறியவை, ஒழுங்கற்ற வடிவம் கொண்டவை. சிவப்புக்கும் கீழே உள்ள, கண்ணுக்குத் தெரியாத கதிர்களைப் பார்க்கும் வெப் தொலைகாட்டி, பெருவெடிப்பின் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்துக் கலக்ஸியையும் காட்டிவிட்டது.

அந்த அல்பத்தை வாசிக்கக் கற்றுத் தந்தவர் பியட்ரிஸ் டின்ஸ்லி, நியூசிலாந்தில் வளர்ந்தவர். 1960களில் கணவரின் வேலைக்காக அமெரிக்காவின் டல்லஸ் நகருக்கு வந்தார். அங்கே அவருக்கு ஏற்ற வேலை இல்லை. சுமார் 300 கிலோமீற்றர் தூரத்திலிருந்த ஒஸ்ரின் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். நட்சத்திரங்களுக்கு வயதாகிறது என்றால் அவற்றால் ஆன கலக்ஸிக்கும் வயதாக வேண்டும், அதன் நிறமும் பிரகாசமும் மாற வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். கலக்ஸிகள் அவ்வளவு மாறாது என்று எண்ணி அவற்றை வைத்துத் தூரம் அளந்துகொண்டிருந்தவர்களுக்கு அது கசந்தது. இன்று எல்லோரும் அவர் வழியில்தான் கணக்கிடுகிறார்கள். புற்றுநோயால் 1981இல், 40 வயதில் இறந்தார்.

இனி அந்த முறைப்பாடு. "அதுக்கு வயசாகிட்டு" என்று சொன்ன என் ராத்தாவுக்குச் சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 'ஏ' இருந்தது. அவள் படித்த பாடசாலையில் இணைந்த கணிதம் இல்லை. இருந்த இடத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். வீட்டில் மூன்று நாள் பேசினார்கள். நட்சத்திரம் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று ஒருவர் கேட்டார். யாரும் அவளை ஏசவில்லை. அவளும் அழவில்லை. கலைப் பிரிவில் சேர்ந்தாள். இன்று பாலர் பாடசாலையில் கற்பிக்கிறாள், நல்ல ஆசிரியை. என் இணைந்த கணிதப் புத்தகத்தை இரவில் எடுத்துத் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பாள். நான் காணாதது போல இருப்பேன். எங்கள் வகுப்பில் இந்தப் பாடம் படிப்பவர்கள் ஒன்பது பேர். தங்கை இப்போது தரம் 11.

நட்சத்திரம் படித்தால் வேலை கிடைக்கும் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. "இன்றிரவு பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை பூமிக்கு அருகே ஆபத்தான கதிர்கள் வருகின்றன, போனை அணைத்துத் தூர வையுங்கள்" என்று வட்ஸ்அப்பில் அடிக்கடி வருமே, எங்கள் வீட்டில் ஒரு இரவு எல்லாப் போன்களும் குசினியில் கிடந்தன. ஆரு பாத்த என்று அன்று உம்மும்மாகூடக் கேட்கவில்லை! என்னிடம் கேட்ட அதே கேள்வியை அந்தச் செய்தியிடம் கேட்கும் பழக்கம் விஞ்ஞானப் பிரிவுக்கு மட்டும் உரியதில்லை. ஆனால் அதைப் பழக்குவதற்கு வானத்தைப் போல நல்ல பாடம் குறைவு. தொட முடியாத, போக முடியாத ஒன்றைப் பற்றி எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அது பிரித்துக் காட்டும். நமது வினாத்தாள்கள் 460 கோடி என்ற விடையை மட்டும் கேட்கின்றன. 'எப்படித் தெரியும்?' என்று இரண்டு புள்ளிக்காவது கேட்டால் என்ன?

கல்லூரி நிருவாகத்திடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். மொரட்டுவையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. அங்கே ஒரு பயணம் போனால் நல்லது. அது பிறகு நடக்கட்டும். இப்போதைக்கு பெப்ரவரியில், நிலவில்லாத ஒரு வெள்ளிக்கிழமை இரவு இஷாவுக்குப் பிறகு, கல்லூரி மைதானத்தின் விளக்குகளை ஒரு மணித்தியாலம் அணைத்துத் தந்தால் போதும். ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் ஒறையன் நெபுலா தெரியும். உம்மாமாரும் வாப்பாமாரும் பிள்ளைகளோடு வரலாம். தரம் 11 பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் வர வேண்டும். பாடம் தெரிவு செய்யும் படிவம் அதற்குப் பிறகுதானே வரும்.

எங்கள் வாப்பாவிடம் கேட்டுவிட்டேன். வருகிறாராம், பிளாஸ்க்கில் பிளேன்டீயும் கொண்டு வருவாராம். ராத்தாவும் வருகிறாள். உம்மும்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் ஒரு கதிரை போட்டுத் தந்தால் வருவேன் என்கிறார்.